கண்ணடி பட்டாலும் கல்லடி படக்கூடாது

வாகனப் பக்கத்துக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயின்ட்டைப் பற்றியவை. தோட்டத்துப் பாதை, குவாரி ரோடு, மலைப்பாதை என்று ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் நம் பக்கம் பெருகிவிட்டன. அவற்றில் கல் தெறித்துப் பெயின்ட் போவது எப்படி, தடுப்பது எப்படி என்ற கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மஹிந்திரா தார் வண்டி எடுத்து எட்டு மாசம் ஆச்சுங்க. கம்பெனி டயரைக் கழட்டிட்டு சேத்துல ஓட்டறதுக்கான அகலமான மட் டெரைன் டயர் போட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் கதவுக்கு அடியிலயும், பின் சக்கர வளைவோட முன் ஓரத்துலயும் உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. முன்னாடி போற வண்டி அடிச்சா பானட்லதானே படணும்? இது எங்கிருந்து வருதுங்க?
— தென்னை விவசாயி, ஆனைமலை

பதில்: உங்கள் முன் சக்கரத்திலிருந்தே வருகிறதுங்க. கதவுக்கு அடியிலும் பின் வளைவிலும் விழும் அடி பெரும்பாலும் சொந்த டயர் அடித்ததுதான். அடுத்த வண்டி மேல் பழி போட வழியில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூலில் கட்டிய நட்டு ஒன்றும் போதும். டயரின் பூ, அதாவது தரையில் படும் பகுதி, நூலுக்கு உள்ளேயே இருந்தால் சரி. நூலைத் தாண்டி வெளியே நின்றால், தாண்டிய அத்தனை அகலமும் கல்லை நேராக உங்கள் கதவு மேல் எறியும். அகல டயர் மட்டும் போட்டால் இவ்வளவு வராது. கூடவே வெளியே தள்ளி நிற்கும் ரிம்மோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோ போட்டிருப்பீர்கள்.

மட் டெரைன் டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. பள்ளங்கள் அகலமாக இருப்பதால் 20 மி.மீ. ஜல்லி அதில் வாகாகச் சொருகிக்கொள்ளும். மண் ரோட்டில் மெதுவாகப் போகும்வரை அது அங்கேயே இருக்கும். தார் ரோட்டில் ஏறி 60, 70-ல் மிதித்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறக்கும். மண் பாதை முடியும் இடத்தில் இறங்கி, ஸ்க்ரூ டிரைவரால் நாலு டயரிலும் இருக்கும் கற்களை நெம்பி எடுங்கள். அடுத்த ஒரு கிலோமீட்டரை 40-க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். காசே இல்லாத வைத்தியம் என்பதால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

அடுத்தது மட்ஃபிளாப், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் தடுப்பு. கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வேகத்தில் பின்னால் மடங்கி நிற்கும், பயனில்லை. 4 முதல் 6 மி.மீ. கனமுள்ள ரப்பர் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். அகலம் டயரின் பூவை முழுக்க மறைத்து, வெளிப்பக்கம் ஒரு விரல் தாண்டி நிற்கட்டும். கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேலே ஏற்றினால் கல் அடியில் புகுந்து பின் வளைவைத் தேடிப் போகும்.

பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. உள்ளே கேன்வாஸ் துணி இருப்பதால் அது கிழியாது. கிழியாததே அதன் குறையும்கூட. பாறையில் ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் ஃபிளாப்பின் நுனியை மிதித்து இழுக்கும். ரப்பர் ஷீட் என்றால் கிழிந்துபோகும், நூறு இருநூறோடு முடிந்தது. கன்வேயர் பெல்ட் விட்டுக்கொடுக்காமல் மட்கார்டையே சேர்த்து வளைத்துவிடும். பாறை ஏறுகிறவர்கள் ரப்பரையே போட்டு, கீழே ஒரு ஓட்டை போட்டுச் சின்னச் சங்கிலி மாட்டி, பாறை வரும் இடத்தில் மேலே தூக்கிக் கட்டிவிடுவது நல்லது.

மாட்டும்போது மட்கார்டுத் தகட்டில் நேரடியாக ஓட்டை போடாதீர்கள். உள்ளே கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளிலோ பிராக்கெட்டிலோ பிடியுங்கள். ரப்பருக்கு மேல் 25 மி.மீ. அகல அலுமினியப் பட்டை வைத்து 6 மி.மீ. போல்ட் குறைந்தது மூன்று போட்டால்தான் ரப்பர் போல்ட் தலையில் பிய்ந்து வராது. ஓட்டை போட்டே ஆகவேண்டுமென்றால், போட்ட கையோடு அதன் விளிம்பில் துத்தநாக பிரைமர் தடவுங்கள். கடைசியாக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். டயருக்கும் ஃபிளாப்புக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும். நின்ற இடத்தில் தட்டாதது, சஸ்பென்ஷன் அமுங்கும்போது தட்டும்.

டயர் வெளியே நிற்பதற்கு வளைவின் மேல் ஃபிளேர் என்ற அகலப் பட்டை மாட்டலாம். மாட்டியபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளே கழுவ வேண்டும். ஃபிளேருக்கும் பாடிக்கும் நடுவே செம்மண் புகுந்து, வண்டி அதிர அதிர உப்புத்தாள் மாதிரி தேய்த்து, யாருக்கும் தெரியாத இடத்தில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டா கல்லே ஏறாதுன்னு கடையில சொல்றாங்க. '9 ஹெச்' கடினமாம். நம்பலாமுங்களா?
— பனியன் கம்பெனி மேலாளர், பல்லடம்

பதில்: கல்லுக்காகப் போடுவதாக இருந்தால் வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். உங்கள் வண்டியில் பிரைமர், கலர், அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்த கம்பெனி பெயின்ட்டின் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான், 100 முதல் 130 வரை. அதன்மேல் செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் உட்காரும். ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. '9 ஹெச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் மோதுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சேறு ஒட்டாமல் சீக்கிரம் கழுவலாம், பறவை எச்சம் உடனே அரிக்காது. அதற்காகப் போடுவதென்றால் போடுங்கள். கல்லைத் தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பி.பி.எஃப். என்ற ஒளிபுகும் ஃபிலிம். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஃபிலிம், அதன்மேல் செராமிக். மாற்றிப் போட்டால் ஃபிலிமின் பசைக்குப் பிடிப்பு இருக்காது, ஓரம் கிளம்பிவிடும்.

கேள்வி: பி.பி.எஃப். வண்டி முழுக்க ஒட்ட பட்ஜெட் இல்லைங்க. எங்கெங்க ஒட்டினா போதும்? நல்ல ஃபிலிமைக் கண்டுபிடிக்கிறது எப்படி? சின்ன இடமா இருந்தா நாமளே ஒட்டலாமுங்களா?
— அரிசி ஆலை உரிமையாளர், காங்கேயம்

பதில்: வண்டி முழுக்க ஒட்டுவது மழமழப்பான நகரத்துக் காருக்குச் சரி. உங்கள் வண்டிக்கு அடிபடும் இடங்கள் போதும். பானட்டின் முன் ஒன்றரை அடி, முன் பம்பர், ஹெட்லைட், பக்கவாட்டுக் கண்ணாடி மூடிகள், வின்ட்ஷீல்டின் இரு பக்கத் தூண்கள், கதவுகளின் கீழ் முக்கால் அடி, அதற்கும் கீழே ஃபுட்போர்டு ஓரம், பின் வளைவின் முன் பக்கம். இதில் இரண்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பின் வளைவும் பானட் நுனியும். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட். அதில் கல் குத்திய குழியை பாலிஷ் போட்டு முழுக்க எடுக்க முடியாது என்பதால் மூன்றாவது இடம் அதற்கு.

ஃபிலிமில் டி.பி.யூ. என்று ஒன்று, பி.வி.சி. என்று ஒன்று. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பி.வி.சி. நம் வெயிலில் மஞ்சளித்து, விறைத்து, கழற்றும்போது துண்டு துண்டாகக் கிழியும். கடையில் கையகல மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். நகத்தால் லேசாகக் கீறி, காபி போடும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மேல்பூச்சு உள்ள நல்ல டி.பி.யூ. ஃபிலிமில் கீறல் கண் முன்னே மறையும். ஆனால் அது மெல்லிய கீறலுக்கு மட்டுமே. கல் குத்திக் கிழித்த இடம் எந்த வெந்நீரிலும் சேராது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். உள்ளே இருக்கும் தின்னர் ஆவி வெளியேற வழியில்லாமல் ஃபிலிமுக்கு அடியில் கொப்புளம் கட்டும். பட்டி பார்த்த இடத்தில் ஒட்டினால், பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

பானட்டையும் பம்பரையும் பழகிய ஆளிடம் விடுங்கள். பின் வளைவு, கதவு ஓரம் போன்ற சின்ன இடங்களை வீட்டிலேயே ஒட்டலாம். தேவையானவை இரண்டு ஸ்ப்ரே பாட்டில், தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் ஸ்க்வீஜி, புது பிளேடு, குழந்தைகள் ஷாம்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். முதல் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு ஷாம்பு. இது ஃபிலிமை வழுக்கி நகர்த்துவதற்கு. இரண்டாவதில் கால் பங்கு ஆல்கஹால், முக்கால் பங்கு தண்ணீர். இது ஓரத்தைப் பிடிக்கவைப்பதற்கு. இரண்டுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். நம் போர் தண்ணீரின் உப்பு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைப் பொட்டாகக் காய்ந்து நிற்கும்.

முதலில் செய்தித்தாளை வளைவின் மேல் வைத்து, விளிம்பை விரலால் அழுத்தி, மடிப்பு விழுந்த கோட்டில் வெட்டி அச்சு எடுங்கள். அந்த அச்சை ஃபிலிமில் வைத்து மேசையில் வெட்டுங்கள். வண்டி மேல் வைத்து பிளேடு போட்டால் பெயின்ட் வரை கோடு விழும், அந்தக் கோட்டிலிருந்தே துரு கிளம்பும். மூலைகளை நாலணா அளவுக்கு உருட்டி வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் தூக்கும்.

இடத்தைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு வண்டி, உங்கள் விரல், ஃபிலிமின் பசைப்பக்கம் மூன்றுக்கும் ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடியுங்கள். கஞ்சத்தனம் காட்டினால் விரல் ரேகை பசையில் அப்படியே பதிந்துவிடும். ஃபிலிமை வைத்து நகர்த்திச் சரிபார்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்க்வீஜியால் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரம் பிடிக்காமல் எழுந்தால் அந்த இடத்தைத் தூக்கி ஆல்கஹால் தண்ணீர் அடித்து, ஒரு நிமிடம் விட்டு அழுத்துங்கள். சின்னத் தண்ணீர்க் குமிழிகள் சில நாளில் தானே வடிந்துவிடும். தூசி சிக்கிய குமிழி போகாது. ஒரு நாள் வண்டியை எடுக்காதீர்கள், ஒரு வாரம் கழுவாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆடி மாதத்தில் போர்ட்டிகோவில் வைத்து ஒட்டாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் ஊரில் காற்றாலையைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, பசையில் மண்ணையும் தூவும். கதவடைத்த ஷெட், தரையில் தண்ணீர் தெளித்து, காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்க பக்கம் இட்டேரியில ரெண்டு பக்கமும் கிளுவை வேலிங்க. மலைக்குப் போனா உண்ணிச்செடி. வண்டி பக்கமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி ஆயிருச்சு. காந்த ஷீட் ஒட்டலாம்னு ஒருத்தர் சொல்றார்.
— தாளவாடி வாசகர்

பதில்: காந்த ஷீட் ஒரு நாள் பயணத்துக்கு உதவும், இரண்டு நிபந்தனையோடு. ஒட்டும் முன் வண்டியும் ஷீட்டின் பின்பக்கமும் மாசுமருவில்லாமல் இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஒரு மணல் புகுந்தாலும், கிளுவை முள் போடாத கோட்டை அது போடும். இரும்புத் தகட்டில் மட்டுமே நிற்கும், பிளாஸ்டிக் வளைவிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. காகித மாஸ்கிங் டேப்பைக் கதவு முழுக்க ஒட்டுவதும் உண்டு. ஒரே நாளில் உரித்தால் சரி, வெயிலில் இரண்டு நாள் விட்டால் பசை பெயின்ட்டில் தங்கி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கும் வேலை வரும்.

அடிக்கடி போகிறவர்கள் முன் பம்பர் கொக்கியிலிருந்து மேல் கேரியருக்கு, பிளாஸ்டிக் உறை போட்ட 3 மி.மீ. கம்பிக் கயிறு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார்கள். கிளை கண்ணாடியிலும் தூணிலும் அடிக்காமல் கயிற்றில் வழுக்கி மேலே போய்விடும். கதவுக்கு அதனால் பயனில்லை. ஊர் ரோட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கினால் அது கிளியர் கோட்டில் நிற்கும் கீறல், காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையும் பாலிஷும் போட்டால் போகும். நகம் சிக்கினால் ஆழம் அதிகம். பாலிஷ் கடைக்காரர் 'எடுத்துடலாம்' என்று மெஷினை எடுத்தால் தடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்குத் தேய்த்தால், அடுத்த இரண்டு கோடையில் பெயின்ட் வெளுத்து உரியும். முள் உரசும் வண்டிக்கு இரண்டு முறைக்கு மேல் காம்பவுண்ட் போடுவதே எங்கள் பார்வையில் அதிகம்.

கேள்வி: கல்லு குத்தி பானட்ல மிளகு அளவு நாலஞ்சு இடத்துல பெயின்ட் போயிருச்சு. ஒண்ணுல துரு தெரியுது. பட்டறையில பானட் முழுக்க அடிக்கணும்ங்கறாங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா?
— ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்

பதில்: நாலு மிளகுக்காக பானட் முழுக்க அடிக்க வேண்டியதில்லை. கிளெய்மும் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கம்பெனி பெயின்ட் உயர்ந்த சூட்டில் வேகவைத்தது. பட்டறையில் அந்த உறுதி வராது என்பதால், இருக்கும் பெயின்ட்டை முடிந்தவரை காப்பாற்றுவதே லாபம்.

செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பாருங்கள். சாம்பலாகவோ வெளுப்பாகவோ தெரிந்தால் பிரைமர் இன்னும் இருக்கிறது, அவசரமில்லை. பளபளவென்று இருந்தால் இரும்பு தெரிகிறது, இந்த வாரமே அடையுங்கள். பழுப்பு என்றால் இன்றே. பம்பரில் கருப்பாகத் தெரிவது பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது, உங்கள் சௌகரியம்.

துருப்பிடித்த புள்ளிக்கு 800 நம்பர் உப்புத்தாளைப் பொட்டளவு வெட்டி, பென்சிலின் ரப்பர் முனையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதைக் குழிக்குள் வைத்துத் திருகித் திருகித் துருவை எடுங்கள். கையால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் மிளகு புளியங்கொட்டை ஆகிவிடும். குழிக்குள் கருப்பாக மிச்சம் நிற்கும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்டரைப் பல்குத்தும் குச்சியில் தொட்டு ஒரு சொட்டு வையுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழித்து ஈரத்துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள்.

பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் வேண்டாம். கம்பெனி பெயின்ட் ஒருவேளை தாங்கும், ஏற்கெனவே பட்டறையில் அடித்த பெயின்ட்டாக இருந்தால் துணியோடு கலர் வரும். மெழுகு பாலிஷ் மிச்சமிருந்தாலும் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி விலகி நிற்கும்.

இரும்பு தெரிந்த குழிக்கு மட்டும் பிரைமர் ஒரு தொடு. அரை மணி கழித்துக் கலர். கலரின் குறியீட்டு எண் கதவுச் சட்டத்திலோ இன்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். இல்லாவிட்டால் சேசிஸ் நம்பரைச் சொன்னால் டீலரிடம் கிடைக்கும். 'வெள்ளை' என்று சொல்லி வாங்காதீர்கள், ஒரே கம்பெனியிலேயே வெள்ளை பலவிதம். பாட்டிலை முழுசாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள், மெட்டாலிக் என்றால் இன்னும் கொஞ்சம். மூடியோடு வரும் பிரஷ் இந்த வேலைக்குத் தடியானது. பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, குழியின் நடுவில் வைத்தால் பெயின்ட் தானே ஓரம் வரை பரவும். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும், காயும்போது நடுவில் குழி விழும். அரை மணி இடைவெளியில் மெல்லியதாக இரண்டு மூன்று முறை வைத்து, மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். மேலே கிளியர் இரண்டு முறை, அது மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கலாம்.

ஒரு வாரம் காய்ந்தபின் 2000, அடுத்து 3000 நம்பர் தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் மேடு தெரியாது. கல் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கடைசி வேலையை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. மேட்டைச் சமன் செய்யப்போய்ச் சுற்றியுள்ள நல்ல கிளியரைத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். இவை எல்லாமே நிழலில். கரூர் வெயிலில் சூடேறிய பானட்டில் வைத்தால் குச்சியிலேயே காய்ந்துவிடும்.

கேள்வி: பிக்கப் வண்டித் தொட்டியில அடிக்கிற சொரசொரப்பு பெட் லைனரை, வண்டியோட கீழ்ப்பக்கம் சுத்தியும் அடிச்சுட்டா?
— மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: கல்லுக்கு அதைப்போலத் தாங்கும் பூச்சு குறைவு. ஆனால் ஒருமுறை அடித்தால் அடித்ததுதான், எடுக்க வேண்டுமென்றால் கிரைண்டர் போட வேண்டும். வண்டியைப் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர் அடியுங்கள். மூன்று வருஷத்தில் விற்கிறவர் ஃபிலிமோடு நிற்பது நல்லது.

இரண்டு பொருள் கலக்கும் பாலியூரிதேன் வகையை வாங்குங்கள். ராப்டர் போன்றவற்றில் மூன்று பங்கு பூச்சுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு, அதாவது 750 மில்லிக்கு 250. ஒற்றை டப்பா ஸ்ப்ரே கேன் ஒரு மழைக்காலத்துக்குமேல் உறுதியாக நிற்காது. ஃபுட்போர்டு ஓரமும் கதவுகளின் கீழ் முக்கால் அடியும் மட்டும் என்றால் ஒரு பாட்டில் இழுபறியாக இருக்கும், இரண்டாக வாங்குங்கள்.

பூச்சு உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே இல்லை, அடியில்தான். பளபளப்பு முழுக்கப் போகும்வரை 240 நம்பர் தாளில் தேய்க்க வேண்டும். எங்காவது மினுக்கம் நின்றால் அந்த இடத்தில் தோசை மாதிரி கழன்று வரும். இரும்பு தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர். கதவுக்கும் ஃபுட்போர்டு ஓரத்துக்கும் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். அவற்றில் தீக்குச்சி சொருகிவிட்டு அடியுங்கள். அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து அழுகும். ஒன்றரை அடி தூரத்திலிருந்து ஒரு கோட், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கோட். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் ஓரம் ரம்பப் பல்லாக வரும். சித்திரை வெயிலில் கலவை கோப்பையிலேயே இறுகத் தொடங்கும், அதனால் ஒவ்வொரு பாட்டிலாக மட்டும் கலக்குங்கள். ஹார்டனரில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதாது, கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். கல் ரோட்டில் இறக்கும் முன் ஒரு வாரம் விடுங்கள்.

ஓரத்துக்கு மட்டும் அடித்தால் பிரச்சினையில்லை. வண்டி முழுக்க அடித்து நிறத்தையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

கேள்வி: முன்னாடி புல் கார்டு போட்டா கல்லைத் தடுக்குமா?
— சத்தியமங்கலம் வாசகர்

பதில்: புல் கார்டு என்பது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்தான், குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே கல் தாராளமாகப் போகும். அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை மீறுவது என்று சொல்லி, புல் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்துபோகிறவர் மேல் மோதினால் காயம் கடுமையாகும், ஏர்பேக் விரியும் நேரமும் தடுமாறலாம். அந்தக் காசுக்கு பானட் நுனியில் ஃபிலிம் ஒட்டுங்கள்.

கேள்வி: எம் சாண்ட், ஜல்லி டிப்பர் பின்னாடிதான் தினமும் ஓட்டவேண்டியிருக்குங்க. பானட்டும் கண்ணாடியும் தாங்கல.
— நாமக்கல் வாசகர்

பதில்: டிப்பரில் தார்ப்பாய் மூடியிருந்தாலும் நம்பாதீர்கள். பின்னால் இரட்டை டயர். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் கல் கைமுட்டியளவுகூட இருக்கும், அது கிளம்பினால் பெயின்ட் பற்றிய பேச்சே இல்லை. டிப்பர் ஒரு கம்பத்தைத் தாண்டியபின் நீங்கள் மூன்று எண்ணி முடிக்கும்வரை அந்தக் கம்பம் வரக்கூடாது. மண் ரோட்டில் புழுதி அடங்கும் அளவுக்குத் தள்ளியே இருங்கள். அடியின் வலு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80-ல் பட வேண்டிய கல் 60-ல் பட்டால், வலு ஏறக்குறைய பாதிதான்.

கண்ணாடியில் சின்னப் பொட்டு விழுந்தால் உடனே மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். தூசியும் தண்ணீரும் புகாமல் இருந்தால்தான் ரெசின் செலுத்தி அடைக்க முடியும். அதுவரை வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் முழுக்கத் திருப்பாதீர்கள், பொட்டு கோடாக ஓடும். ஓட்டுநரின் நேர்பார்வையில் விழுந்திருந்தால் அடைத்தாலும் மங்கல் நிற்கும், மாற்றிவிடுவது மேல்.

கேள்வி: வண்டிக்கு அடியில பழைய இன்ஜின் ஆயில் அடிச்சா துருப்பிடிக்காதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் அடிப்பாங்க. சரியா?
— உடுமலை வாசகர்

பதில்: கலப்பைக்குத் தடவலாம், வண்டிக்கு வேண்டாமுங்க. ஆயிலில் புழுதி ஒட்டிச் சேறாக இறுகி, அதற்குள் ஈரம் தங்கும். சஸ்பென்ஷன் புஷ், பூட் ரப்பர்கள் ஊதிக் கெடும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

அண்டர்பாடி கோட்டிங் போடுங்கள். துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகு. துருவின் மேலேயே கருப்பாக அடித்து மூடினால், அது உள்ளே நிம்மதியாக வளரும். இரண்டு வருஷம் கழித்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் தகடு ஓட்டையாகும். சைலன்சர், பிரேக், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரப்பர், சென்சார், வடிகால் ஓட்டைகள் இவற்றை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், நேரில் நின்று பாருங்கள். சக்கர வளைவின் உட்பக்கம் இரண்டு கோட் கேளுங்கள், கல் அடிக்கும் இடம் அது.

கேள்வி: சேத்துல போய்ட்டு வந்தா எப்படிக் கழுவறதுங்க? எங்க போர் தண்ணி உப்பு. கழுவிக் காஞ்சா வண்டி பூரா வெள்ளைத் திட்டு.
— அவினாசி வாசகர்

பதில்: முதல் பத்து நிமிடம் துணியைத் தொடாதீர்கள். சேறு ஊறி இளகி ஓடும்வரை தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழே. காய்ந்த செம்மண்ணைத் துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்று. தேங்காய் நார் பக்கமே போகவேண்டாம். பிரஷர் வாஷரை ஒரு முழத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். கல் குத்திய புள்ளியின் ஓரத்தில் பீய்ச்சினால் சுற்றியுள்ள பெயின்ட்டையும் ஃபிலிமின் ஓரத்தையும் உரித்துவிடும். பிறகு இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்பில் முக்குங்கள். வண்டியின் கீழ்ப்பாதிக்குத் தனித் துணி.

உப்புத் திட்டுக்கு, வெயில் தாழ்ந்தபின் கழுவி, ஒவ்வொரு பாகமாக மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். பலர் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்துவைத்து வண்டி கழுவுகிறார்கள். அது போர் தண்ணீரைவிட அதிக உப்பு, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் நல்லது. வீட்டு ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரையும் பக்கெட்டில் பிடித்துவைக்கலாம், அதில் உப்பே கிடையாது. குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அதை வண்டிக்கு எடுத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சக்கர வளைவின் உள் மடிப்பில் விரலை விட்டுத் துழாவுங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் வண்டியிலும் அங்கே ஒரு கைப்பிடி மண் இருக்கும். வளைவு துருப்பிடிப்பது அந்த மண்ணிலிருந்துதான். பழைய டூத் பிரஷ்ஷால் நெம்பி எடுத்து, ஹோஸை உள்ளே விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள்.